பயிற்சி வகுப்பறைக்கு வரட்டும்

வலிப்பு வந்து துடிக்கும் பிள்ளையின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் ஒழியவில்லை. பேருந்து நிலையத்தில் ஒழியவில்லை, கோயில் வாசலில் ஒழியவில்லை, பள்ளிக்கூடத்திலும் ஒழியவில்லை. செய்ய வேண்டியது மிகச் சிறிய காரியம். பக்கத்துப் பெஞ்சை நகர்த்திவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மடித்த துணி எதையாவது கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் எதையும் நுழைக்கக் கூடாது. கைகால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. 5 நிமிடம் தாண்டியும் வலிப்பு நிற்காவிட்டால் 108க்குப் போன் போட வேண்டும். இதைச் செய்து காட்டக் கால் மணி நேரம் போதும். என் பணிக்காலம் முழுவதிலும் எந்தப் பயிற்சியிலும் எனக்கு அந்தக் கால் மணி நேரம் கிடைக்கவில்லை.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சுற்றுப்பட்ட ஊர்களில் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்து, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று நடந்த பயிற்சிகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. பிறகு கருத்தாளர் பவர்பாயிண்ட் போடுவார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். சாப்பாட்டுக்குப் பிறகு குழுச் செயல்பாடு, சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா. சாயங்காலம் பின்னூட்டப் படிவத்தில் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடிப்போம். அந்த அறையில் பேச்சு முழுவதும் பிள்ளைகளைப் பற்றித்தான். பிள்ளை மட்டும் ஒன்றுகூட இருக்காது.

என் கட்சி இதுதான்: இந்தப் பயிற்சி மண்டபத்தை விட்டு வகுப்பறைக்கு வர வேண்டும். பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்தில், அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு, தெரிந்தவர் ஒருவர் கூட நின்று கற்றுத்தர வேண்டும். மற்றதெல்லாம் தகவல் சொல்வது. தகவல் போதுமென்றால் ஒரு புத்தகத்தை அனுப்பிவிடலாம்.

இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வித்தை தெற்கத்திச் சீமைக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 1890களிலேயே பள்ளிகள் தோன்றிவிட்டன. ஆஸ்க்வித் அம்மையாரும் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையாரும் தொடங்கிய அந்தப் பள்ளிகளில், விரலால் படிக்கவும் கையால் பேசவும் கற்பிக்கும் ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய கைத்திறன் அந்த மதில்களுக்கு உள்ளேயே தங்கிவிட்டது. அன்று அதில் பிழை சொல்ல முடியாது, பிள்ளைகளும் உள்ளேதான் இருந்தார்கள். இன்று நிலைமை வேறு. அதே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளை எங்கள் ஊர்ப் பள்ளிக்கே அழைத்து வந்திருக்கிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. அதற்கு ஆசிரியர்களையும் பணியாளர்களையும் பழக்க வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. பிள்ளை வந்துவிட்டது. வித்தை இன்னும் வந்து சேரவில்லை.

அதற்குத்தான் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், போதுமான அளவில் இல்லை. தொடக்க நிலையில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்பது 2022இல் வகுத்த கணக்கு. நிரந்தரப் பணியிடம் உருவாக்கி ஆள் போடுங்கள் என்று 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச்சில் மறுபடியும் மாநிலங்களுக்குக் கெடு வைக்க வேண்டி வந்தது. இதற்கிடையில் நம் வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கிறார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அருவிக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே, பயிற்சிப் பொருட்கள் நிறைந்த பையோடு எங்கள் பள்ளிக்கு வந்து இறங்குவார் ஒரு பெண். அவர் ஒரு பள்ளிக்கு ஒதுக்க முடிந்தது வாரத்தில் ஒரு பொழுது, சில வாரங்களில் அதுவும் இல்லை.

வந்ததும் பிள்ளையை வராண்டாவுக்கு அழைத்துப் போவார். பாசி கோக்கச் சொல்வார், வண்ண அட்டைகளைப் பிரிக்கச் சொல்வார், கையை நீவி விடுவார். உள்ளே வகுப்பு தன்போக்கில் நடக்கும். பிறகு பையை மூடிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளை யார் பொறுப்பு? வகுப்பாசிரியர் பொறுப்பு. அவருக்கு அந்தப் பையில் என்ன இருந்தது என்றே தெரியாது.

நான் தலைமையாசிரியை ஆன பிறகு இதை மாற்றிப் பார்த்தோம். “வராண்டா வேண்டாம் டீச்சர், வகுப்புக்குள்ளேயே இருங்க. பிள்ளைக்கு ஒரு பங்கு, எங்க டீச்சருக்கு ஒரு பங்கு” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

முதலில் அவர் பார்த்தது மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையனின் கால்களை. பெஞ்சு உயரம், கால் தரையில் எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. உடம்பு சரியாமல் பிடித்துக்கொள்ளவே அவன் பலம் முழுதும் போய்விடுகிறது, எழுதக் கையில் பலம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கிடந்த மரப்பலகையை எடுத்துக் காலடியில் வைத்தோம். பென்சிலில் துணியைச் சுற்றிப் பருமனாக்கினோம். அவன் எழுத்து முத்தாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். ஆனால் மதியம் வரை களைக்காமல் உட்கார்ந்தான். பல நாள் பயிற்சியில் கற்காததை அந்த வகுப்பாசிரியை ஒரு பலகையில் கற்றுக்கொண்டார்.

அடுத்தது காது மந்தமான பெண் பிள்ளை. செவித்துணைக் கருவி இருக்கிறது, அதனால் கேட்கும் என்று நினைத்திருந்தோம். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பாடம் சொல்லும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு உதடு தெரிந்தால்தான் பாதிப் பாடம் புரியும். ஆகவே எழுதி முடித்துத் திரும்பி நின்று பேச வேண்டும்; ஜன்னல் வெளிச்சம் நம் முதுகுப் பக்கம் இல்லாமல் முகத்தில் விழ வேண்டும். ஆட்டிசம் உள்ள சின்னவன் ஒருவன் தகர ஷீட்டில் மழை விழும் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். தென்மேற்குப் பருவத்தில் எங்கள் பக்கம் மழைக்கு எல்லை ஏது? அவனை ஓட்டுக் கட்டடத்து வகுப்பில் உட்கார வைத்து, அன்று நடக்கப் போவதைப் படமாக வரைந்து காலையிலேயே சுவரில் ஒட்டினோம். இதெல்லாம் பெரிய அறிவியல் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை, அந்தக் கூரையை, அந்த ஜன்னலைப் பார்க்காத எவராலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

எல்லாக் குறைபாடும் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. வாய்ப்பாடம் கேட்டால் மடமடவென்று சொல்கிற பிள்ளை, எழுதச் சொன்னால் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் தடுமாறும், துணைக்காலை விட்டுவிடும், வரி தாண்டும். ‘மெத்தனம்’ என்று முத்திரை குத்திப் பின் பெஞ்சுக்கு அனுப்பிவிடுகிறோம். எழுத்துப் பிழை எல்லாப் பிள்ளைக்கும் வரும். பயிற்சிக்குப் பின்னும் மாறாமல் வருகிற பிழையைத்தான் கவனிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. ஆனால் மருத்துவச் சான்று வாங்கி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பீடி சுற்றும் தாயும் சீசன் கடையில் நிற்கும் தகப்பனும் அதை எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்? ஆரம்பப் பள்ளி டீச்சர் கவனிக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் சலுகையும் இல்லை, பத்தாம் வகுப்பும் இல்லை.

பள்ளிக் கல்வித் துறையின் ‘நலம் நாடி’ செயலியில் இப்போது பிள்ளைகளிடம் குறைபாட்டின் அறிகுறிகள் உண்டா என்று ஆசிரியரே பார்த்துப் பதிகிறார். நல்ல ஏற்பாடு. பதிந்த பிறகு மறுநாள் முதல் வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த ஆசிரியருக்கு யார் துணை?

இதற்கு விடை தேடி நாம் தூரம் போக வேண்டாம். தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆய்க்குடி இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கேதான். தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் அவரோடு சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது ஊருக்கே தெரியும். எனக்கு அந்த விருதைவிடப் பெரிதாகப் படுவது அவர்கள் வேலை செய்யும் முறை. கிராமத்துப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைப் பார்த்து, அதன் நிலையைக் கையில் இருக்கும் செயலியில் பதிகிறார்கள். இயன்முறை, பேச்சு, சிறப்புக் கல்வி வல்லுநர்கள் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று வழிகாட்டுகிறார்கள். தாய்க்கும் கற்றுத்தருகிறார்கள். பெரிய பட்டம் இல்லாத பணியாளரைத் தனியே விடாமல் பின்னால் ஒரு வல்லுநர் நிற்கும் இந்த ஏற்பாட்டை, பட்டம் பெற்ற நம் ஆசிரியருக்கும் ஏன் செய்து தரக் கூடாது?

பேச்சைக் கேட்டு மட்டும் ஆசிரியர் மாறுவதில்லை, வகுப்பிலேயே கூட இருந்து வழிகாட்டினால்தான் கற்றது கைக்கு வருகிறது என்று புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். தறியில் உட்காராமல் நெசவு கற்றவர் கடையநல்லூரில் யாரும் இல்லை. அந்த ஊர் நெசவாளர்களுக்கு இதைச் சொல்ல அமெரிக்கா தேவைப்படவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. எமிஸ் இணையப் பதிவு, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தேர்தல் வேலை, இலவசப் பொருட்கள் விநியோகம் என்று அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பையும் மற்றவர்தான் கட்டி மேய்க்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், ஆசிரியரை வெளியே இழுக்காதீர்கள், பயிற்சியை உள்ளே அனுப்புங்கள்.

மாவட்டக் கல்வி அதிகாரிகளிடம் கேட்பவை நான்கு. ஒன்று, உள்ளடக்கிய கல்விக்கு ஒதுக்கும் பயிற்சி நாட்களில் பாதியையாவது, இத்தகைய பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில், வகுப்பு நடக்கும் நேரத்தில், அந்தக் குறுவள மையத்து ஆசிரியர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து பார்க்கும்படி நடத்துங்கள். பிள்ளையின் பெற்றோர் சம்மதத்தோடு, அதைக் காட்சிப் பொருளாக்காமல். இரண்டு, சிறப்புப் பயிற்றுநரின் பணிக்குறிப்பில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தார் என்று எழுதுவதோடு, எந்த ஆசிரியருக்கு எதைக் கற்றுக்கொடுத்தார் என்றும் ஒரு பத்தி சேருங்கள். அடுத்த வருகையில் அது நடக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். அவருக்கு நிரந்தர வேலையும் பயணப்படியும் தராமல் இதைக் கேட்பது நியாயமில்லை. மூன்று, புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களை ஆய்க்குடி போன்ற இடங்களுக்கு ஒரு வாரம் அனுப்புங்கள்; சுற்றிப் பார்க்க வேண்டாம், வேலை செய்யட்டும். பி.எட். படிப்பில் உள்ளடக்கிய பள்ளி பற்றி ஒரு தாள் இருக்கிறது, தேர்வு முடிந்ததும் அது பரணுக்குப் போய்விடுகிறது. நான்கு, கருத்தாளர் இடத்தில் மாற்றுத்திறனாளிகளையும் இப்பிள்ளைகளின் தாய்மாரையும் உட்கார வையுங்கள். பிள்ளைக்கு எப்போது பசிக்கும், எதைக் கண்டால் பயம், எந்தச் சத்தம் ஆகாது என்பதில் அந்தத் தாயைவிடப் பெரிய வல்லுநர் இல்லை.

“இவன் சும்மா உக்காந்துட்டு வந்தாப் போதும் டீச்சர், அடிக்காம இருந்தாச் சரி” என்று என்னிடம் சொன்ன தாய்மார் உண்டு. அவர்கள் கேட்பதே அவ்வளவுதான் என்றால், நாம் கொடுத்துப் பழக்கியது அவ்வளவுதான் என்று பொருள். பெற்றோரே, அதற்கு மேல் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, என் பிள்ளைக்குக் கற்பிக்க இந்த ஆண்டு எங்கள் டீச்சருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பயிற்சிக்கு நாள் ஒதுக்கியாகிவிட்டது, பணமும் ஒதுக்கியாகிவிட்டது. முதலில் மாற வேண்டியது அது நடக்கும் இடம்தான், அதற்கு ஓர் உத்தரவு போதும்.