தற்காலிகம் என்றால் எத்தனை வருஷம்?

மதிப்பிற்குரிய அணுசக்தி ஆணையத் தலைவர் அவர்களுக்கு,

ராதாபுரம் வட்டத்திலிருந்து எழுதுகிறேன். வடகம் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினால் கூடங்குளத்தின் குவிமாடங்கள் தெரியும் தூரத்தில் வீடு. இப்போது கிரேன்களும் தெரிகின்றன. இரண்டு உலை ஆறாகப் போகிறதல்லவா?

மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சண்டை 2012-இல் நடந்தது. மின்வெட்டில் வெந்துபோன ஊர்க்காரர்கள் பலர் இடிந்தகரைப் போராட்டப் பந்தலைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். நானும் கடித்தேன், ஒத்துக்கொள்கிறேன். இன்று கேட்க வந்தது எரிந்து முடிந்த எரிபொருளைப் பற்றி.

1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டபோது, எரிந்த எரிபொருளைச் சோவியத் நாடே திருப்பி எடுத்துக்கொள்ளும் என்றுதான் பேச்சு. பிறகு, இங்கேயே இருக்கட்டும் என்று மாறியது. எங்களை யாரும் கேட்கவில்லை. 2013 மே 6 அன்று உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றம், உலைக்கு வெளியே ஒரு சேமிப்பு மையத்தை 5 ஆண்டில் கட்டச் சொன்னது. ஆழ்நிலத்தில் நிரந்தரக் கிடங்கையும் கூடிய சீக்கிரம் அமைக்கச் சொன்னது. முதலாவதற்கு அவகாசம் கேட்டு 2022 வரை வாங்கினார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால், மறுசுழற்சி செய்யப்போகிறோம், இப்போதைக்கு அதற்கு அவசரமில்லை என்கிறது உங்கள் துறை. உங்கள் கணக்கில் அது கழிவே இல்லை, செல்வம். செல்வம் என்றால் வேறு எந்த ஊரும் ஏன் கேட்டு வாங்க வரவில்லை என்று தெரியவில்லை.

அந்தத் தற்காலிகச் சேமிப்பு மையத்துக்கு 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் கருத்துக்கேட்பு நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. டீக்கடைத் திண்ணையில் பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஊசியை நிறுத்தினார். "தற்காலிகம்னா எத்தன வருசம்டே?" என்றார். மறுபடி படித்துப் பார்த்தேன். அதில் பதில் இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

கோலார் நினைவிருக்கும். மூடிய தங்கச் சுரங்கத்தில் கழிவை வைக்கலாம் என்று 2012 நவம்பரில் நீதிமன்றத்தில் சொன்னார்கள். கோலார்க்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாளில், அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அரசு பின்வாங்கியது. அதே ஆண்டில் கடலுக்குள் இறங்கி நின்ற எங்கள் கரைக்காரர்களுக்குக் கிடைத்தது கண்ணீர்ப்புகையும், ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கும். கோலாருக்கு ஆகாதது கூடங்குளத்துக்கு மட்டும் எப்படி ஆகும்?

இங்கிருந்து வடக்கே, தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். அங்கே சுமார் 3,000 வருஷத்துக்கு முந்தைய முதுமக்கள் தாழிகள். அந்தக் காலத்துப் பானைகளில் கீறிய குறிகளை இன்னும் யாரும் முழுசாகப் படித்தபாடில்லை. 'தோண்டாதே' என்றே எழுதியிருந்தாலும் நாம் தோண்டித்தான் இருப்போம். நீங்கள் வைக்கப்போகிற எரிபொருளில் இருக்கும் புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 வருஷத்துக்கு மேல் ஆகும். எந்த எழுத்தில் எச்சரிக்கைப் பலகை வைப்பீர்கள்?

பின்லாந்தில் உள்ளூர் மன்றம் வேண்டாமென்றால் அரசால் அணுக்கழிவுக் கிடங்குக்கு அனுமதி தர முடியாது. யூராயோகி ஊர் மன்றம் 2000-இல் வாக்கெடுத்துச் சம்மதித்தது. அதன் பிறகுதான் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்தார்கள். நம் கிராமசபைக்கு அந்த உரிமை இல்லை.

ஆகவே முதலில் நிரந்தரக் கிடங்கு எங்கே, எந்த ஆண்டில் என்று எழுத்தில் சொல்லுங்கள். கூடங்குளத்திலிருந்து அங்கே எப்போது எடுத்துப்போவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கருத்துக்கேட்புக்கு நாள் குறிக்கலாம். சுருக்கத்தை மட்டுமல்ல, முழு அறிக்கையையும் தமிழில் அனுப்புங்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன். கூட்டத்துக்கு அந்தப் பெரியவரும் வருவார். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இப்படிக்கு,
ராதாபுரம் வட்டத்துக்காரன்