புகைப்படப் பிலிமும் அதன் வருங்காலமும்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலை முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் எழுந்தது. அது உமிழ்ந்த சோடிய ஆவி, தரையில் இருள் கவிந்த பின்னரும் மேலே எஞ்சியிருந்த கதிரவன் ஒளியில் பொன்னிறமாக ஒளிர்ந்தது. இத்தகைய ஆய்வில், வெவ்வேறு ஊர்களில் நிறுத்தப்பட்ட காமிராக்கள் அந்த முகிலை ஒரே கணத்தில் பிலிமில் பதிவு செய்கின்றன. அப்படங்களை ஒப்புநோக்கி முகிலின் உயரமும், அது நகரும் போக்கைக் கொண்டு வளிமண்டல மேலடுக்குகளில் வீசும் காற்றின் விரைவும் கணிக்கப்படுகின்றன. அமெரிக்கா அளித்த ராக்கெட்டையும் பிரான்சு அளித்த சோடியக் கலத்தையும் குறித்து எழுதுவோர் பலர்; பிலிமைக் குறித்து எழுதுவோர் அரியர்.

இன்று இவ்வாய்வைச் செய்வோர் பிலிமை நாடமாட்டார். நாட வேண்டுவதும் இல்லை. தன்மீது படும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கையே பிலிம் பயன்கொள்கிறது. இலக்கக் காமிராவின் சில்லோ பெரும்பகுதியைப் பயன்கொள்ள வல்லது. ஆயினும், இதனால் பிலிம் இனித் தேவையற்றது என முடிவு கட்டுவது பிழையாகும்.

கோடைக்கானல் வானாய்வகத்தை எடுத்துக் கொள்வோம். அங்குக் கால்சிய ஒளியில் கதிரவனின் படங்கள் 1904 முதல் 2007 வரை ஒளிப்படத் தகடுகளிலும் பிலிமிலும் எடுக்கப்பட்டன. அவை ஒரு முறை இலக்க வடிவுக்கு மாற்றப்பட்டன. பின்னர் அதனினும் நுண்ணிய கருவி கிட்டியபோது மறுமுறையும் மாற்றப்பட்டன. முதற்படிவு முடிந்ததும் மூலத் தகடுகளை எறிந்திருந்தால் இரண்டாவது பணிக்கு வழி ஏது? காந்தத் தட்டில் உள்ள பதிவைப் படிக்க அதற்குரிய எந்திரமும் மென்பொருளும் வேண்டும். பிலிமைப் படிக்க ஒரு விளக்கும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும்.

பிலிம் செய்தல் எளிய தொழிலன்று. ஜெலட்டினில் வெள்ளி உப்பின் நுண்படிகங்களை ஒரே அளவாக வளர்த்து, தூசியற்ற இருட்டறையில், மயிரிழையினும் மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஆலை சில ஆண்டுகள் நின்றால் எந்திரத்தோடு கைப்பழக்கமும் துருப்பிடித்துவிடும். 1960-இல் நிறுவப்பெற்று 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகமண்டலம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்னும் பெயரால் புகைப்படப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்து வந்தது. நட்டம் பெருகி அது மூடப்பட்டது. அதனுடன் அக்கைத்திறனும் சிதறியது.

உலகிலும் நிலைமை இதற்குத் தொலைவில் இல்லை. கோடக் நிறுவனம் 2012-இல் திவால் பாதுகாப்பு கோரியது. 2015-இல் ஆலிவுட் நிறுவனங்கள் வாங்குவதாக உறுதியளித்த பின்னரே அதன் திரைப்படப் பிலிம் உற்பத்தி நிலைபெற்றது. பியூஜி 2013-இல் படப்பிடிப்புப் பிலிமைக் கைவிட்டது. இங்கிலாந்தின் இல்போர்டு கறுப்பு வெள்ளைப் பிலிம் ஆலையை 2005-இல் அதன் மேலாளர்களே வாங்கிக் காத்தனர். விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகளையே உலகம் நம்பியிருக்கிறது.

உதகை ஆலையை மீண்டும் திறக்க வேண்டுமெனக் கோருவது வீண்; சந்தை அதைத் தாங்காது. ஆனால் ஆவணக் காப்பகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வேண்டிய பிலிமைக் கூட்டாக வரவழைக்கலாம். கழுவும் கூடம் ஒன்றிரண்டையேனும் பொதுச் செலவில் நிலைநிறுத்தலாம். ஓர் ஆய்வகத்தில் சிறு அளவில் பூச்சுப் பயிற்சியும் நடத்தலாம். இவற்றுக்காகும் செலவு, இழக்கப்படும் பதிவுகளின் மதிப்பை நோக்கச் சிறிதே. பழைய பிலிமைக் கையால் சோதித்துச் செப்பனிடும் பயிற்சி முகாம் 2024 நவம்பரில் திருவனந்தபுரத்திலேயே நடைபெற்றது. கற்க விழைவோர் இல்லாமல் இல்லை.

களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் அலமாரிகளிலும் நெகடிவ்கள் உறங்குகின்றன. கேரளத்தின் ஈரக்காற்று அசெட்டேட்டுப் பிலிமுக்குப் பகை. பெட்டியைத் திறக்கும்போது காடி மணம் வீசினால் பிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்பது பொருள். அச்சுருளை உடனே மற்றவற்றினின்று பிரித்து, குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் தனியே வைத்து, விரைவில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். படியெடுத்த பின்னும் மூலத்தை எறியலாகாது.