சும்மா இருப்பவன் எல்லாம் ஒரே ரகமா?

திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் வருகிறவர்களுக்குத் தெரியும். தூரத்தில் பார்த்தால் சீமைக்கருவேலும் நாட்டுக்கருவேலும் ஒன்றுபோலத்தான் நிற்கும். இரண்டிலும் முள், இரண்டிலும் மஞ்சள் பூ. கிட்டப் போய்க் காயைப் பார்க்க வேண்டும். மணி கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கியிருந்தால் அது நாட்டுக்கருவேல்.

மனிதர்களைப் பிரித்துப் பார்க்க எனியகிராம் என்று ஒரு முறை உண்டு. ஆஸ்கார் இச்சாசோ 1970-ல் சிலி நாட்டு அரிக்காவில் கற்பித்தது, கிளாடியோ நரான்ஹோ மூலம் அமெரிக்கா போய்ப் பரவியது. மொத்தம் ஒன்பது வகை. விஞ்ஞானிகள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை, அது வேறு கதை. ஆனால் இதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. ஒருவன் என்ன செய்கிறான் என்பதை வைத்து வகை சொல்லக்கூடாது, ஏன் செய்கிறான் என்று பார்க்கணும்.

நம்ம லேப் ரெக்கார்டையே எடுங்கள். ஒருத்தன் ஒரு கோடு பிசகினாலும் கிழித்துவிட்டுத் திரும்ப வரைவான். யாரும் பார்க்காவிட்டாலும் அவன் மனசே அவனைத் திட்டும். அது ஒன்றாம் வகை. எக்ஸ்டர்னல் என்ன கேட்பாரோ என்று பயந்து எழுதுகிறவன் ஆறு. ஸார் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டணும் என்று எழுதுகிறவன் மூன்று. ரெக்கார்டு மூன்றுமே பளிச்!

பேசாதவன் விஷயத்தில்தான் ரொம்பத் தப்புப் பண்ணுகிறோம். ஐந்தாம் வகைக்காரன் தன் நேரத்தையும் தெம்பையும் மிச்சம் பிடிக்க ஒதுங்குவான். ஒன்பதாம் வகைக்காரன் சண்டை வேண்டாமே என்று வாயை மூடுவான். டீயா, காபியா என்று கேளுங்கள், "எதுன்னாலும் சரிடா" என்பான்.

திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், மதுரையில் படித்தபோது மூன்று தடவை எழுதச் சொன்ன இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தான். அண்ணன் கடிந்துகொண்டார். 1896 ஆகஸ்டில் பையன் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டான். அவர்தான் ரமண மகரிஷி. ஒரே வீட்டில் இருந்த அண்ணனுக்கே பிடிபடாதது, அரை மணி நேர பெர்சனாலிட்டி வகுப்பில் நமக்குப் பிடிபட்டுவிடுமாக்கும்!

எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருத்தன். யாரோடும் பேசமாட்டான். 'தலைக்கனம்' என்று ஒரு வருஷம் ஒதுக்கிவைத்தோம், நானும்தான். மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே கிளாசுக்கு வருகிறான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அது ஐந்தும் இல்லை, ஒன்பதும் இல்லை. தூக்கம்!

இப்போது லேபில் அவன் என் பாட்ச். ஞாயிற்றுக்கிழமை லீவு கழித்துத் திங்கட்கிழமை வந்தான் என்றால் வாயை மூடமாட்டான்.