கோட்டையும் குன்றும்

பழங்கோட்டைகளைக் காணச் செல்வோருள் பலர் மதிலையும் மாளிகையையும் மட்டுமே நோக்கி மீள்கின்றனர். அவற்றைச் சூழ்ந்த மலையையும் நீரையும் நோக்குவதில்லை. இஃது உரையைப் படித்து மூலத்தைக் கைவிடுவது போன்றதாகும்.

செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அஃது அமைந்துள்ளது. செங்குத்துப் பாறை நின்ற இடத்தில் இயற்கையே மதிலாயிற்று. அது தாழ்ந்த இடத்தில் மனிதன் கல்லடுக்கினான். இராசகிரியின் உச்சிக்கருகே உள்ள ஆழ்ந்த பிளவே அகழியாய் உதவிற்று. அதன்மீதிருந்த மரப்பாலத்தை நீக்கிவிட்டால் பகைவர் அப்பால் செல்லுதல் அரிது. மலைச்சுனையும் அடிவாரக் குளங்களும் உண்ணுநீர் அளித்தன. 1690இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை 1698 வரை நீண்டதற்கு இவையும் காரணம் அன்றோ?

2025இல் யுனெஸ்கோ அறிவித்த உலக மரபுச் சின்னத்தில் அடங்கிய பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று. எனினும், பாறையில் பெயர் கீறுவோரும் சுனையில் குப்பை எறிவோரும் இன்றும் உளர். மதிலை இடித்தல் மட்டுமே அழிவன்று. சுனையைக் கெடுத்தலும் கோட்டையைக் கெடுத்தலே ஆகும்.

ஆகவே மாணவர்களே, கோட்டையைக் காணச் செல்லும்போது குன்றின்மீதும் ஏறுங்கள். சுனையருகே சற்று நில்லுங்கள். கட்டியவனின் அறிவு அங்கேதான் விளங்கும். கண்டதை, கண்டவாறே, பின்வருவோர்க்கும் விட்டு வாருங்கள்.