மூன்று படியும் ஒரு படியும்

சாரல் காலத்தில் எங்கள் ஐந்தருவிக்கு வரும் கூட்டத்துக்கு அளவே இல்லை. நீர் குறைந்ததும் கூட்டமும் கலைந்துவிடும். தேர்தல் காலத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தலைவர்களும் அப்படித்தான். ஒலிபெருக்கி ஓய்ந்ததும் அவர்களைக் காண முடிவதில்லை. "யார் வந்தாலும் நாம உழைச்சாத்தான் நமக்குக் கஞ்சி" என்கிறார் என் ஆச்சி. இந்தச் சலிப்பை மாற்றக் கட்சிகள் என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, முடிந்ததையும் முடியாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அரிசித் தட்டுப்பாடு நிலவிய 1967-ல் தி.மு.க. "மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றது. ஆசை வேறு, உறுதி வேறு என்று மக்களுக்குப் புரிந்தது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கப்பட்டது. ஆனால் நிதிச்சுமையால் அதை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்க இயலவில்லை.

ஆகவே இரண்டாவதாக, பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும். 2013-ல் உச்ச நீதிமன்றம் பணித்தபடி, தேர்தல் ஆணையம் 2014-ல் இதற்கு நெறிமுறை வகுத்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும், செலவை ஈடுகட்டும் வழியையும் தேர்தல் அறிக்கை சொல்ல வேண்டும் என்பதே அது. எத்தனை மேடைகளில் இதைக் கேட்கிறோம்?

மூன்றாவதாக, வென்றபின் ஆண்டுக்கொரு முறையேனும் அதே தெருவுக்கு வந்து, செய்தது இது, செய்யாதது இது, காரணம் இது என்று கூற வேண்டும். குறையை ஒப்புக்கொண்டால் வாக்குப் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வெள்ளம் பெருகும்போது ஐந்தருவியில் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு ஏமாற்றந்தான். ஆயினும் காரணம் கண்ணெதிரே தெரிவதால் ஏற்றுக்கொள்கிறார்கள் அல்லவா?

நம்பாத வாக்காளர் சிலர்தானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தென்காசி சட்டமன்றத் தொகுதியில் 2016-ல் வெற்றி வித்தியாசம் 462 வாக்குகள், 2021-ல் 370. சில தெருக்களின் மனமே ஒரு தொகுதியின் முடிவை மாற்றிவிடும்.

வாக்களிக்கும் வயது 1989-ல் 21-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. மாணவிகளாகிய நமக்கும் அந்த நாள் தொலைவில் இல்லை. அன்று நம் வாசலுக்கு வருபவரிடம், "இதில் நிச்சயம் எது? இலட்சியம் எது?" என்று பணிவோடு கேட்போம். கேட்பவர் பெருகினால், உண்மை சொல்பவரும் பெருகுவார்.