காணிக்கு விலை சொல்றவர் எந்த வழியால வரவேணும்?

கலைப்பீடத்தில் கடைசி வருசம் படிக்கிற யாரிட்டயும் "முடிச்சிட்டு என்ன செய்யப் போறாய்?" எண்டு கேட்டால் நாலைந்து பதில்தான் வரும். ஆசிரியர் நியமனம், அபிவிருத்தி உத்தியோகத்தர், வங்கி, இல்லாட்டி வெளிநாடு. காணி விலை மதிப்பீட்டாளர் எண்டு ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் வீட்டுக் கடன் எடுத்த ஒவ்வொரு குடும்பமும் அவரைக் கண்டிருக்கும். உறுதியையும் பிளானையும் வாங்கிப் பார்ப்பார், வளவைச் சுத்தி நடப்பார், போனில் படம் எடுப்பார், போய்விடுவார். மறுகா அவர் எழுதிக் கொடுத்த தொகையை வைச்சுத்தான் எத்தனை லட்சம் கடன் எண்டு வங்கி முடிவெடுக்கும்.

இந்தத் தொழிலுக்கு எங்கட பிள்ளைகள் போகவேணும் எண்டதுதான் என்ட கட்சி. போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "எந்தச் சான்றிதழ் பெரிசு?" அந்தக் கேள்வியை இரண்டாவதாக வையுங்கோ. முதல் கேள்வி, எந்த மண்ணில், யாருக்குப் பக்கத்தில் நடந்து பழகப் போறீங்க எண்டது.

இருக்கிற வழிகளைப் பார்ப்போம். இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் மாதிரி அரசாங்கம் தருகிற ஒரே லைசன்ஸ் இந்தத் தொழிலுக்கு இல்லை. 1975 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை விலை மதிப்பீட்டாளர் நிறுவகத்தின் உறுப்புரிமைதான் கிட்டத்தட்ட அந்த இடத்தில் நிற்கிறது. பெயர்ப்பலகைகளில் எஃப்.ஐ.வி., ஏ.ஐ.வி. எண்டு காண்கிறோமே, அதுதான். அதற்குப் போகிற நேர்வழி, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் ஆதன முகாமைத்துவமும் மதிப்பீடும் பட்டம். படிப்பு ஆங்கிலத்தில், இடம் உயர்தர இசட் புள்ளியோட முடிவாகிற விசயம். வந்தாறுமூலையில் அப்படி ஒரு பட்டம் இல்லை. மற்ற வழி, நிறுவகத்தின் பரீட்சைகளை எழுதி, மூத்த ஒருவருக்குக் கீழே வேலை செய்து மேலே வருவது. மூன்றாவது, விலை மதிப்பீட்டுத் திணைக்களத்துக்குள் போவது. நாலாவது, 1868 இல் லண்டனில் தொடங்கிய ஆர்.ஐ.சி.எஸ். உறுப்புரிமை. துபாய், கட்டார், லண்டன் எண்டு போக நினைக்கிற ஆட்கள் கண் வைக்கிறது இதில்தான்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் எண்டு கேட்கலாம். அமெரிக்காவின் கதை நல்ல பதில். 1980களில் அங்கே நூற்றுக்கணக்கான சேமிப்பு, கடன் நிறுவனங்கள் விழுந்தன. இல்லாத பெறுமதியை இருக்கிறதாக எழுதிய காணி மதிப்பீட்டு அறிக்கைகளும் அதற்கு ஒரு காரணம். 1989 இல் சட்டம் வந்தது. வங்கிக் கடனோட சம்பந்தப்பட்ட மதிப்பீடுகளைச் செய்கிறவருக்கு மாநில லைசன்ஸ் கட்டாயமானது. இண்டைக்கு அங்கே புதிதாக வருகிறவர் சில வகுப்புகளைப் படித்துப் பயிலுநர் ஆகலாம். அதுக்கு மேலே சாதாரண லைசன்ஸுக்கு 1,000 மணித்தியால வேலையனுபவம், எல்லா வகைக் கட்டடங்களையும் மதிப்பிடுகிற உயர்ந்த சான்றுக்கு 3,000. வகுப்பை விட வளவில் கழிக்கிற நேரம் பல மடங்கு. ஆனால் பயிலுநரைச் சேர்த்துக்கொள்ள மூத்தவர்கள் விரும்பாததால் அங்கேயும் பலர் வாசலிலேயே நிண்டுவிட்டார்கள். கடைசியில் கணினி வழிப் பயிற்சியையும் அனுபவமாக ஏற்கவேண்டி வந்தது.

அந்த வாசல் பிரச்சினைதான் எங்களுக்கும். தேற்றாத்தீவில் இருந்து ஒரு பிள்ளை கொழும்பில் போய்ப் பயிலுகிறார் எண்டு வையுங்கோ. அடுக்குமாடி வீட்டுக்கும் கடைத்தொகுதிக்கும் விலை சொல்லப் பழகுவார். அதில் குறையில்லை. ஆனால் ஊரில் அவருக்குக் கிடைக்கப்போகிற வேலை வேற.

தேற்றாத்தீவு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கின நிலம். பிரதான வீதியோரப் பேர்ச்சும், கடற்கரைப் பக்கப் பேர்ச்சும், வாவிக்கரைப் பேர்ச்சும் ஒரே விலை போகாது. 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது எண்டு அறிவித்து, பிறகு தளர்த்தினார்கள். அந்தப் பயம் கடதாசியில் இல்லை, வாங்குகிறவர்களின் மனதில் இருக்கு. மணல் மண்ணில் கிணறு வெட்டி, வருசக்கணக்காகப் பசளை போட்டு உண்டாக்கின வெற்றிலைத் தோட்டத்தை வெறும் காணியாக அளந்து எழுதினால் அது அநியாயம். வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணிகள். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அவற்றை விற்க ஏலாது. அப்படியெண்டால் பக்கத்து உறுதிக் காணி போன விலையை அப்படியே தூக்கி இதுக்குப் போடலாமா?

இன்னொன்று, வீடு வளவு மகளுக்குப் போகிற எங்கட வழமை. நன்கொடை உறுதியில் பெற்றோர் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள். சில வீடுகளில் சீதனமாகக் கொடுத்தாயிற்று, உறுதி இன்னும் அம்மாவின் பேரில்தான் கிடக்கும். ஒரே வளவுக்குள் அக்காவின் வீடு, தங்கச்சியின் வீடு, நடுவில் வேலியும் இல்லை. எது யாருடையது எண்டு கேட்கத் தெரியாதவர் எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் விடை பிழைக்கும். ஊர் வரலாற்றையும் சமூகவியலையும் படித்த ஒரு கலைப்பீட மாணவிக்கு இந்தக் கேள்விகள் தானாக வரும். கணக்கையும் கட்டடச் செலவையும் சட்டத்தையும் அவர் மேலதிகமாகப் படிக்கவேணும், அது உண்மை.

வங்கிக் கடனோட இது முடிகிற விசயமும் இல்லை. வீதிக்கோ வேற திட்டத்துக்கோ அரசாங்கம் காணி எடுத்தால், 1950 காணி எடுத்தற் சட்டப்படி நட்டஈட்டுக் கோரிக்கை கேட்டு அறிவித்தல் வரும், விசாரணை நடக்கும், பிறகு தொகையைத் தீர்மானிப்பார்கள். தொகை போதாது எண்டால் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய 21 நாள்தான். அந்த மூன்று கிழமைக்குள், எங்கட மொழியில் கதைத்து, "இந்தத் தொகை ஏன் பிழை" எண்டு எழுதித் தரக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா? இருந்தால் ஒரு குடும்பத்தின் மிச்ச வாழ்க்கையே மாறும்.

"ஊர்க்காரர் மதிப்பிட்டால் ஊருக்குச் சாய்ஞ்சு எழுதுவார்" எண்டு சிலர் சொல்வார்கள். நியாயமான பயம். மாமா வந்து "கொஞ்சம் கூட்டிப் போடு மனே" எண்டு கேட்கத்தான் செய்வார். கூட்டிப் போட்டால் அண்டைக்கு மாமாவுக்குச் சந்தோசம். தவணை கட்ட ஏலாமல் வீடு ஏலத்துக்குப் போகிற நாளில் அந்தக் கூட்டின தொகையும் அவர் தலையில்தான் விழும். அதனால்தான் குறுக்குவழியில் ஒரு சீலைச் சம்பாதிக்கிறதை விட, ஒழுக்க விதிகளுக்குப் பதில் சொல்லவேண்டிய நிறுவக உறுப்புரிமையை எடுங்கோ எண்டு சொல்றேன். சொந்தக்காரரின் காணியைத் தொடாமல் விடுகிறதும் தொழிலின் ஒரு பகுதிதான்.

ஆகவே என்ட தெரிவு இதுதான். இசட் புள்ளி இடம் தந்தால் ஜயவர்தனபுர. தராட்டி நிறுவகத்தின் வழி. நுழைவுத் தகுதி என்ன எண்டு அவர்களிட்டயே நேரே கேட்டு, கடிதத்தில் பதில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கோ. எந்த வழியால போனாலும் பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதியையாவது கிழக்கில் செய்யுங்கோ. ஆர்.ஐ.சி.எஸ். அதுக்குப் பிறகு. இடையில் ஆங்கிலத்தை விடவேண்டாம். பாடமும் அறிக்கையும் அந்த மொழியில்தான்.

கிழக்கில் ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருக்கிற மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருசத்துக்கு ஒரு பயிலுநரையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. மோட்டார் சைக்கிளில் பின் சீட் ஒண்டு காலியாத்தானே இருக்கு.