தோண்டியவர் யார், தங்கம் யாருக்கு?

கோலார் தங்க வயலில் அதிகாலை ரயிலுக்குக் கூட்டம் குறைவதே இல்லை. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு பெங்களூருக்கு ஓடும் வண்டிகளில் தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஒரு காலத்தில் பூமிக்குள் இறங்கிய தமிழ்க் குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையும் இதில் அடக்கம். நாட்டின் எந்த ரயிலையும் போல இங்கேயும் இளைஞர்கள் கையில் செல்போன். அதில் அவர்களுக்குப் பிடித்த ஆட்டங்களில் ஒன்று, 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'. நூறு பேர் விமானத்திலிருந்து குதித்து, கடைசி ஆள் மிஞ்சும்வரை சண்டை போடுவார்கள். தயாரிப்பு, தென் கொரியாவின் க்ராஃப்டன் நிறுவனம். ஆனால் இந்த ஆட்டத்தின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் வந்து சேரும் இடம் கொரியா அல்ல. செக் நாட்டின் ப்ராக் நகரம். அதற்கும் கீழே, காசு வாங்காமல் தூக்கம் விழித்து உழைத்த சில ஆட்டக்காரர்கள்.

கோலாரின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூன் மாதம், போஹீமியா இன்டராக்டிவ் என்ற சிறிய செக் நிறுவனம் உருவாக்கிய 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வெளிவந்தது. அன்றைய போர் விளையாட்டுகள் பெரும்பாலும் ஆட்டக்காரரை ஒரே பாதையில் இழுத்துக்கொண்டு போகும். இதில் தீவு முழுக்கத் திறந்து கிடந்தது. எங்கும் நடக்கலாம், ஜீப்போ டாங்கியோ ஓட்டலாம். முக்கியமாக, சண்டைக் களத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் கருவியும் கூடவே வந்தது. மணலைக் கொட்டிவிட்டு 'விளையாடு' என்று குழந்தையை விடுவதுபோலத்தான். இதன் வழித்தோன்றலான 'ஆர்மா' 2006லும், இரண்டாவது பாகம் 2009லும், மூன்றாவது 2013லும் வந்தன.

மணல் கிடைத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆட்டக்காரர்களே எழுதிச் சேர்க்கும் இத்தகைய மாற்றங்களுக்கு 'மாட்' என்று பெயர். அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று 'ஏஸ்'. மூல ஆட்டத்தில் காயம்பட்ட சிப்பாய் ஒரு பொத்தானை அழுத்தினால் எழுந்து நிற்பான். ஏஸில் அது நடக்காது. எந்த இடத்தில் ரத்தம் போகிறது என்று பார்க்க வேண்டும், கட்டுப்போட வேண்டும், நாடி பிடிக்க வேண்டும், உடலில் திரவம் ஏற்ற வேண்டும். மார்பின் அதிகமானால் ஆள் சாவான். தோட்டாவைக் காற்று திருப்பும். 'ஏக்ர்' என்ற இன்னொரு மாட் வயர்லெஸ் கருவிகளைக் கொண்டுவந்தது. நடுவில் மலை குறுக்கிட்டால் குரல் தேய்ந்துபோகும். சுடுவதைவிடக் கஷ்டமானது காயத்தைக் கட்டுவதும் செய்தியைச் சேர்ப்பதும் என்று ஆட்டக்காரர்களே ஆட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

கோலாரில் உள்ளவர்களைச் சிரிக்க வைக்கக்கூடிய மாட் ஒன்றும் உண்டு. பெயர் 'ஆல்டிஸ் லைஃப்'. கிரேக்கத்தின் லிம்னோஸ் தீவை மாதிரியாக வைத்து ஆர்மா 3ல் உருவாக்கப்பட்ட தீவுதான் ஆல்டிஸ். ராணுவம் மோதுவதற்காகக் கட்டிய அந்தத் தீவில் ஆட்டக்காரர்கள் போரைத் தள்ளிவைத்துவிட்டுப் பிழைப்பைத் தொடங்கினார்கள். ஒருவர் போலீஸ், ஒருவர் லாரி டிரைவர், ஒருவர் கடத்தல்காரர். இன்னொருவர் செம்பும் இரும்பும் வைரமும் தோண்டி, லாரியில் ஏற்றி, சுத்திகரித்து விற்பவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் வெக்கையும், பாறை வெடிப்பும், நுரையீரலில் படியும் தூசியும் தெரிந்த ஊருக்கு, சுரங்க வேலையை ஒருவர் பொழுதுபோக்காகச் செய்வது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

உலகத்தையே மாற்றிய மாட் 2012ல் வந்தது. நியூஸிலாந்து ராணுவத்தில் இருந்த டீன் ஹால், புரூனே காட்டில் உயிர்பிழைக்கும் பயிற்சியின்போது பசியால் வாடியவர். அந்த அனுபவத்தை மனதில் வைத்து ஆர்மா 2க்கு 'டேஇஸட்' என்ற மாட்டை எழுதினார். நடைப்பிணங்கள் உலவும் நாட்டில் சோறும் தண்ணீரும் தேடி அலைய வேண்டும். செத்தால் எல்லாம் முதலிலிருந்து. எதிரியைவிட, எதிரே வரும் மனிதனை நம்பலாமா என்பதே பெரிய பயம். சில மாதங்களில் 10 லட்சம் பேர் ஆடினார்கள். இந்த மாட்டுக்காகவே மூன்று வருடப் பழைய ஆர்மா 2 மறுபடி விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது.

டேஇஸட்டை ஆடியவர்களில் ஒருவர் பிரெண்டன் கிரீன். அயர்லாந்துக்காரர், புகைப்படமும் வெப் டிசைனும் அவர் தொழில். ஜப்பானியத் திரைப்படமான 'பேட்டில் ராயல்' தந்த யோசனையில், டேஇஸட்டுக்கே ஒரு மாட் செய்தார்: ஒருவர் மட்டும் மிஞ்சும் போட்டி. அரசாங்க உதவித்தொகையில் காலம் தள்ளிய நாட்களும் அவருக்கு உண்டு. கொரிய நிறுவனம் ஒன்று அவரை அழைத்தது. 2017ல் 'பப்ஜி' பிறந்தது. கம்ப்யூட்டரிலும் வீட்டு விளையாட்டுக் கருவிகளிலுமாக 7 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதன் செல்போன் வடிவத்தை இந்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது. 2021ல் அது இந்தியப் பெயரில் திரும்பியது. 2022ல் மறுபடி மறைந்து 2023ல் மறுபடி வந்தது. இதற்கிடையே 2021ல் க்ராஃப்டன் நடத்திய பங்கு வெளியீடு, தென் கொரியாவின் மிகப் பெரியவற்றில் ஒன்று.

ஹாலும் கிரீனும் ஏமாற்றப்பட்டவர்கள் அல்ல. இருவருக்கும் வேலையும் புகழும் பணமும் வந்தன. போஹீமியாவும் கருமி அல்ல: கருவிகளை இலவசமாகக் கொடுத்தது, 2014ல் மாட் எழுதுபவர்களுக்கு 5 லட்சம் யூரோ பரிசுப் போட்டியே அறிவித்தது. ஆனால் கணக்கின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாட் செய்த ஆயிரக்கணக்கானவர்களில் இப்படிக் கரையேறியவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான். மற்றவர்களின் உழைப்பு இலவசம். அதை அவர்கள் விற்க முடியாது. அந்த உழைப்பால் மூல ஆட்டம் விற்கும்.

இந்தக் கணக்கு கோலாருக்குப் புதிதல்ல. 1880ல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி காலெடுத்து வைத்தது முதல் மூடும்வரை சுமார் 800 டன் தங்கம் இந்த மண்ணிலிருந்து போனது. வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பகுதிகளிலிருந்து வந்து தோண்டியவர்களின் சந்ததிக்கு மிஞ்சியவை சயனைட் மண்மேடுகளும், லைன் வீடுகளும், பெங்களூர் ரயிலும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மாட் எழுதுபவர் விரும்பித்தான் தோண்டுகிறார். அவர் மேல் பாறை விழுவதில்லை. இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: விளைச்சலில் உழைத்தவனுக்கு என்ன பங்கு?

இளைஞர்கள் இதைக் கேட்டாக வேண்டும். ரயிலில் ஆடுபவர்களில் சிலர் நாளை ஆட்டம் எழுதுபவர்கள் ஆவார்கள். நிரல் எழுதக் கற்பதோடு, உரிம ஒப்பந்தத்தின் பொடி எழுத்தையும் படிக்கக் கற்பது நல்லது. யார் விற்கலாம், யாருக்கு உரிமை என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

ஏஸ் மாட்டில் ஒரு சின்னக் கோப்பு உண்டு. உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியல் அது. திருத்தம் செய்து கொடுத்தவர்களும் அதில் இடம்பெறுகிறார்கள். கோலார் தங்க வயலில் ராபர்ட்சன்பேட்டை இருக்கிறது, ஆண்டர்சன்பேட்டை இருக்கிறது. அவை தோண்டியவர்களின் பெயர்கள் அல்ல.